முட்டையும் அவனுக்கு, மாத்திரையும் அவனுக்கு

அத்தியாயம் 14

"காபிய கீழ வைண்ணா. வெறும் வயித்துல இருக்கும்போதே கைய நீட்டு. ரத்தம் எடுக்கணும்."

எழில்மதி கேட்டுவிட்டாள். இந்த வீட்டில் எதை வேண்டுமானாலும் கேட்கலாம், இதை மட்டும் கேட்கக் கூடாது என்று அவளுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். அதைத்தான் வியாழக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு, ஒரு கையில் ஊசியும் மறு கையில் ரப்பர் பட்டையுமாக நின்றுகொண்டு கேட்டாள்.

அண்ணன் கலைச்செல்வன் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோன கை அப்படியே நின்றது. அடுப்படியிலிருந்து தமயந்தி கரண்டியோடு வெளியே வந்தாள்.

"ஏண்டி, உனக்கு எத்தினி தடவ சொல்றது? ஊர்ல எவன் ரத்தத்த வேணா எடு, எங் கலை ரத்தத்த மட்டும் எடுக்காதன்னு சொன்னனா இல்லியா?"

சொன்னாள்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால், எழில்மதி விருத்தாசலத்தில் பி.எஸ்சி. முடித்து, அதற்கு மேல் லேப் டெக்னீஷியன் படிப்பும் முடித்து, பஜாரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள். பரம்பரையிலேயே முதன்முதலாகப் பட்டம் வாங்கிய பெண்ணுக்கு அம்மா கொடுத்த ஆசீர்வாதம் அது ஒன்றுதான்.

காரணம் எல்லாருக்கும் தெரிந்தது. அப்பா குஞ்சிதபாதம் நாற்பத்து நாலு வயதில், சுரங்கத்தில் ஷிப்ட் முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கியவர், இரண்டு எட்டு வைத்து மூன்றாவது எட்டில் சரிந்தார். நெஞ்சடைப்பு. அப்பா போன பிறகு கலை அவர் அள்ளிய கரியை அள்ளப் போனான். கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்தும் நிலக்கரியை வாரும் கான்ட்ராக்ட் வேலை. ஒன்பது வருஷம் ஆயிற்று. இப்போதுதான் பெர்மனென்ட் ஆக்கும் லிஸ்டில் பெயர் வந்திருக்கிறது. வருகிற திங்கட்கிழமை மெடிக்கல், உடம்பு தகுதியா என்று பார்க்கிற சோதனை.

ரத்தம் எடுத்தால் பேப்பர் வரும். பேப்பரில் நம்பர் இருக்கும். அந்த நம்பர் எப்படியோ மைன்ஸ் வரைக்கும் நடந்து போய்விடும். அப்பனுக்கு இருந்த கொழுப்பு மகனுக்கும் இருக்கிறது என்று தெரிந்தால் லிஸ்டிலிருந்து பெயரை அடித்துவிடுவார்கள். இதுதான் தமயந்தியின் கணக்கு. மந்தாரக்குப்பத்தில் அந்தத் தெருவில் லிஸ்டுக்குக் காத்திருந்த அத்தனை வீட்டின் கணக்கும் அதுதான். மெடிக்கலுக்கு ஒரு மாதம் இருக்கும்போது கொழுப்பைக் கரைக்கத் தின்கிற பச்சைப் பூண்டில் தெருவே நாறும். சுரைக்காய் விலை ஏறும். டாக்டரிடம் மட்டும் யாரும் போக மாட்டார்கள்.

கலைச்செல்வன் அம்மாவைப் பார்த்தான். தங்கச்சியைப் பார்த்தான். சுடச்சுட இருந்த காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வைத்தான்.

"இப்ப வெறும் வயிறு இல்ல. போ."

"தொடை வலிக்குதா?"

"பெல்ட்டுக்கு அடியில எட்டு மணி நேரம் குனிஞ்சி கரி அள்ளிப் பாரு. உனக்கும் வலிக்கும்."

"ஒம்போது வருஷமா அள்ற. இப்ப பத்து நாளாத்தான் நாற்காலியப் புடிச்சிக்கினு எழுந்திரிக்கற."

 அவன் நாற்காலியைப் பிடிக்காமல் எழுந்து காட்டப் பார்த்தான். முடியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு, பிடித்தே எழுந்தான். சாப்பாட்டுக் கேரியரை எடுத்து சைக்கிளில் மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

அந்தக் கேரியரில்தான் எல்லாம் ஆரம்பித்தது. நேற்று சாயங்காலம் அதைக் கழுவும்போது, ஊறுகாய் வைக்கிற குட்டிக் கிண்ணத்தில் கத்தரியால் வெட்டிய இரண்டு வெள்ளித் துணுக்குகள் ஒட்டிக்கொண்டிருந்தன. மாத்திரை அட்டையின் துணுக்குகள். அதில் பாதி எழுத்து தெரிந்தது. மீதிப் பாதி எழில்மதிக்கு மனப்பாடம். மாதா மாதம் டவுன்ஷிப் டிஸ்பென்சரியில் வரிசையில் நின்று அம்மாவுக்காக அவள் வாங்கி வருகிற கொழுப்பு மாத்திரை.

"எத்தினி நாளாம்மா?"

தமயந்தி அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒல்லியான உடம்பு. டவுன்ஷிப்பில் பதினெட்டாம் பிளாக் முழுக்கக் கூட்டிப் பெருக்குகிற கை. உடம்பில் ஒரு பிடி சதை இல்லாதவளுக்கு ரத்தத்தில் அவ்வளவு கொழுப்பு என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். அவளே நம்பியதில்லை.

"எனக்கு என்னா கேடு வந்துச்சி? நான் நல்லாத்தான இருக்கறன்."

"எத்தினி நாளா அவனுக்குக் குடுக்கற?"

"மொதல்ல இருந்தேதான், ஒரு நாள் வுட்டு ஒரு நாள். டாக்டரம்மா எழுதினாங்க. நல்ல மாத்திர, அடைப்பு வராதுன்னு சொன்னாங்க. அடைப்பு எனக்கு வந்தா என்னா, வராட்டி என்னா? அவங்கப்பனுக்கு வந்தது அவனுக்கு வரக் கூடாது."

"ரெண்டு வருஷம்! ரெண்டு வருஷமா நீ ஒன்னு கூடப் போடல?"

"ஒன்னு ரெண்டு போட்டுப் பாத்தன்."

எழில்மதிக்குக் காதில் சூடு ஏறியது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அம்மாவின் கையில் ஊசி ஏற்றி, அவளே மெஷினில் போட்டுப் பார்த்தவள் அவள். கெட்ட கொழுப்பு இருநூற்று முப்பத்திரண்டு. அடுத்த தடவை இருநூற்று இருபத்தொன்பது. அதற்கடுத்து இருநூற்று முப்பத்தாறு. டாக்டர் பத்து மில்லிகிராமை இருபதாக்கினார். இருபதை நாற்பதாக்கினார். "பாமாயில நிறுத்தும்மா, கறிய நிறுத்தும்மா" என்று ஒவ்வொரு தடவையும் திட்டினார். மாதத்துக்கு ஒரு தடவை கறியைக் கண்ணால் பார்க்கிற தமயந்தி, ஒவ்வொரு தடவையும் பயபக்தியோடு தலையாட்டிவிட்டு வந்தாள். ஏறிய டோஸ் எல்லாம் ஊறுகாய்க் கிண்ணத்தில் மகனுக்குப் போயிருக்கிறது.

"ஒரு நாளைக்கு எத்தினி போடறான்?"

தமயந்தி அடுப்புத் திண்டைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"ம்மா. ரெண்டு துணுக்கு கெடந்துச்சி. எத்தினி?"

"மெடிக்கல் கிட்ட வந்துடுச்சில்ல... சேத்து வெச்சிருந்தத எடுத்து, காலைல ஒன்னு, மத்தியானம் சோத்தோட ஒன்னு, சாயங்காலம் வேல முடியும்போது ஒன்னுன்னு குடுத்துக்கினு இருக்கறன். சீக்கிரம் எறங்கட்டும்னு. பதினஞ்சி நாளாத்தான்."

மூன்று நாற்பது. நூற்று இருபது.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேக்க மாட்டியா? இதுக்குன்னே படிச்சிட்டு வூட்டுலயே ஒருத்தி இருக்கறேனே!"

"உங்கிட்ட கேட்டா நீ ரத்தம் கேப்ப."

"முட்டையும் அவனுக்கு, மாத்திரையும் அவனுக்கு. நல்லா இருக்குது உன் ஞாயம்."

"ஆமாண்டி. அவன் நின்னாத்தான் வூடு நிக்கும். நீ நாளைக்கு எவன் வூட்டுக்கோ போறவ."

எழில்மதி சாப்பிடாமல் கிளம்பினாள். சின்ன வயதிலிருந்து அவித்த முட்டை அண்ணன் தட்டில் விழுவதைப் பார்த்து வளர்ந்தவள். வயசு வந்த பிள்ளை, உழைக்கிற பிள்ளை என்று வருஷத்துக்கு ஒரு காரணம். அப்போதெல்லாம் கோபம் முட்டையின் மேல்தான் இருந்தது.

டிஸ்பென்சரியில் பதினோரு மணிக்குத்தான் டாக்டர் சங்கீதா தனியாகக் கிடைத்தார். நடந்ததை எழில்மதி ஒளிக்காமல் சொன்னாள். டாக்டர் அம்மாவின் சீட்டை முன்பக்கமும் பின்பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப நான் ரெண்டு வருஷமா யாருக்கு வைத்தியம் பாத்திருக்கேன்?"

"தெரியல டாக்டர்."

"முழுங்காத மாத்திரைக்கு டோஸ் ஏத்திக்கிட்டே வந்திருக்கேன். நல்ல வேளை, அடுத்த தடவை ஊசி எழுதலாம்னு இருந்தேன்." பேனாவை மேஜையில் வைத்தார். "உங்க அண்ணனுக்கு உண்மையிலேயே கொழுப்பு இருக்கா?"

"தெரியாது. இது வரைக்கும் பாத்ததே இல்ல. பாத்தா மெடிக்கல்ல தள்ளிடுவாங்கன்னு பயம்."

டாக்டர் சிரித்தார். சிரிப்பில் சந்தோஷம் எதுவும் இல்லை.

"கொழுப்பு இருக்குன்னு வேலை இல்லைன்னா இந்த டவுன்ஷிப்புல பாதிப் பேர் மூட்டை கட்டணும்மா. மாத்திரை போட்டுக்கிட்டு வேலை செய்ய வேண்டியதுதான். அதுக்காகத் தள்ளினதா நான் கேள்விப்பட்டதில்ல. ஆனா இப்ப உங்க அண்ணன் பண்ணி வெச்சிருக்கற காரியம் இருக்கே..." விரல் விட்டு எண்ணினார். "தொடை வலி. எழுந்திரிக்க முடியல. யூரின் எப்படிப் போகுதுன்னு கேட்டியா?"

"கேக்கல."

"கேளு. பால் விடாத கடுங்காபி மாதிரி கறுப்பா போகுதுன்னா தசை கரையுதுன்னு அர்த்தம். அது கிட்னிக்குப் போய் அடைக்கும். திங்கக்கிழமை மெடிக்கல்ல கொழுப்பு சமத்தா அடங்கி இருக்கும். கிட்னியும் லிவரும் காட்டிக் குடுத்துடும். அதுல கண்டிப்பா நிறுத்தி வெப்பாங்க."

எழில்மதி நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். தேறுவதற்காகத் தின்ற மாத்திரைதான் அவனைத் தோற்கடிக்கப் போகிறது.

"இன்னையோட மாத்திரை நிறுத்தணும். இன்னைக்கே ரத்தம் எடு. இந்த டெஸ்டுக்கு வெறும் வயிறு தேவையில்ல. நாளைக்கு ஒன்பது மணிக்கு அவன் என் முன்னால இருக்கணும். மெடிக்கலை ஒரு மாசம் தள்ளி வெக்கச் சொல்லி நான் லெட்டர் தரேன். ஆனா ஒன்னு. ரத்தக் குழாய் மேல அவன் பேர்தான் இருக்கணும். இங்க ஊரான் பேர்ல ரத்தம் குடுத்துட்டு வந்து நிக்கறாங்க. வேற பேர்ல வர ரிசல்ட்ட வெச்சு நான் லெட்டர் எழுத மாட்டேன்."

"சரிங்க டாக்டர்."

"உங்க அப்பா நாப்பத்து நாலுல போனாருன்ன. அம்மாவுக்கும் இப்படி. நீ பாத்துக்கிட்டியா?"

எழில்மதி சீட்டை மடித்துப் பைக்குள் வைத்தாள். "எனக்கு யாரும் வேணாம்னு சொல்லல டாக்டர். எனக்கே தோணல."

மத்தியானம் முழுக்க லேபில் ஊர்க்காரர்களின் கையைத் தட்டி நரம்பு தேடினாள். நாலரை மணிக்குக் கிளம்பும்போது மூடி போட்ட இரண்டு காலிக் குழாய்களை எடுத்தாள். மேஜை அருகே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறினாள்.

ஐந்தரைக்கு கலைச்செல்வன் வந்தான். சைக்கிளை நிறுத்திவிட்டுக் காலைத் தூக்கி இறங்க முடியவில்லை. வண்டியை ஒரு பக்கமாகச் சாய்த்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, விழாமல் விழுந்தான் என்றுதான் சொல்ல வேண்டும். உடம்பெல்லாம் கரித்தூள். அதற்குள்ளும் முகம் வெளுத்திருந்தது தெரிந்தது.

"ஒன்னுக்கு என்னா கலர்ல போவுதுண்ணா?"

"அசிங்கமா கேக்காத."

"காபி கலரா?"

"வெயிலு. தண்ணி கம்மியா குடிக்கறன். அதான்."

அவள் டாக்டர் சொன்னதை எல்லாம் சொன்னாள். நிறுத்தி நிறுத்தி, நாலாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி. கலை தலையைக் குனிந்தபடி கேட்டான்.

"கொழுப்புக்குத் தள்ள மாட்டாங்களா? அப்ப எங்கூட கரி அள்ற கண்ணையன் சொன்னானே. போன தடவ ஆறு பேர தள்ளிட்டாங்க, எல்லாம் கொழுப்பு கேஸுன்னு. அவந்தான எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு இருக்கறான்."

"லிஸ்ட்ல நீ எத்தினாவது?"

"முப்பத்தெட்டு."

"எத்தினி பேர எடுக்கறாங்க?"

"நாப்பது."

"கண்ணையன்?"

கலை நிமிர்ந்தான். "நாப்பத்தொன்னு."

 பக்கத்து வீட்டில் யாரோ பூண்டு இடிக்கிற சத்தம் கேட்டது.

"அதெல்லாம் அப்புறம்" என்றாள் எழில்மதி. "நீ தின்ன மாத்திர யாரோடதுன்னு தெரியுமா?"

"அம்மாவோடது. அதுக்கு கொழுப்பு எறங்கிடுச்சாம். டாக்டர் நிறுத்திட்டாராம். டிஸ்பென்சரி கார்டுல மட்டும் வந்துக்கினு இருக்குதாம். வீணா போவுதேன்னு குடுத்துச்சி."

எழில்மதி அம்மாவின் கடைசி ரிப்போர்ட்டை அவன் மடியில் போட்டாள். அவன் எட்டாவது வரைக்கும் படித்தவன். எண்கள் படிக்கத் தெரியும். இருநூற்று முப்பத்தாறு என்ற எண்ணின் கீழே அவள் சிவப்பில் கோடு போட்டிருந்தாள்.

"இது எப்ப எடுத்தது?"

"போன மாசம்."

கலை அம்மாவைப் பார்த்தான். "நீ போடவே இல்லியா?"

தமயந்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "நான் செத்தா ஒரு நாள் அழுவீங்க. நீ உக்காந்துட்டா தெனம் அழுவணும்டா."

"பொய் சொல்லித் தர்றத நான் ரெண்டு வருஷமா தின்னுக்கினு இருந்திருக்கறன்."  கரி படிந்த கையை அவன் பனியனில் துடைத்தான். துடைத்தும் போகவில்லை. அப்படியே நீட்டினான். "எடு எழிலு."

அவள் பஞ்சால் துடைத்தாள். பஞ்சு கறுத்தது. இன்னொரு பஞ்சு. அதுவும் கறுத்தது. மூன்றாவது பஞ்சில்தான் அண்ணனுடைய தோல் தெரிந்தது. ஊசி ஏறியதும் குழாயில் ரத்தம் எழும்பியது. அவளுடைய கை நடுங்கவில்லை. நடுங்காததில் அவளுக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

குழாயை மூடிப் பைக்குள் வைக்கும்போதுதான் தமயந்திக்கு நினைவு வந்தது.

"பேர எழுதாத!"

"எழுதாம எப்படிம்மா?"

"வேற பேர எழுது. உங்கப்பன் பேர எழுது. செத்தவன எவன் வந்து கேக்கப்போறான்?"

"டாக்டர் லெட்டர் தரணும்னா இவன் பேர்தான் இருக்கணும்."

"லெட்டர் குடுத்தா மெடிக்கல் தள்ளிப் போவும். ஒரு மாசத்துல எவன் எவன் கால வாருவானோ! கண்ணையன் உள்ள பூந்துடுவான். ஒம்போது வருஷம்டி. ஒம்போது வருஷம் இந்தக் கரிய தின்னுருக்கான் எம்புள்ள."

கலை தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "பேர மட்டும் மாத்திடு பாப்பா. மாத்திரய நிறுத்திடறன். தண்ணி குடிக்கறன். திங்கக்கிழம மட்டும் முடியட்டும். அப்புறம் நீ எந்த டாக்டர்கிட்ட சொன்னாலும் வரேன்."

எழில்மதி அவனைப் பார்த்தாள். இவ்வளவு கெஞ்சலாக அவன் அவளிடம் எதையும் கேட்டதில்லை. பள்ளிக்கூடத்துக்கு சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனவன். அவள் காலேஜ் ஃபீஸுக்காக ஓவர்டைம் பார்த்தவன். இல்லை என்று சொல்ல முடியாத ஆள்.

 அவள் சொம்பு நிறையத் தண்ணீர் மொண்டு அவன் பக்கத்தில் வைத்தாள். அலமாரியைத் திறந்து, அம்மா துணிக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த மாத்திரை அட்டைகளை மொத்தமாக எடுத்தாள். ஒரே ஒரு மாத்திரையை மட்டும் பிதுக்கி, அம்மாவின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினாள்.

"இது உன்னுது. ராத்திரி சோத்துக்கப்புறம் என் கண்ணு முன்னால போடணும். நாளைக்கும் நாந்தான் குடுப்பன். இன்னம் கறுப்பா போனா சொல்லுண்ணா, ராவோட ராவா ஆஸ்பத்திரிக்குப் போவணும்."

"நீ அந்தப் பேரோட வாசல தாண்டினன்னா, இனிமே என்ன அம்மான்னு கூப்புடாத."

எழில்மதி செருப்பை மாட்டினாள். வார் அறுந்து இரண்டு நாளாகிறது. பின்னூசி போட்டிருந்தாள். குனிந்து அதைச் சரி செய்தாள். பின்னால் அம்மா அழுவதும், அண்ணன் "வுடும்மா, எழுத மாட்டா, எம்மேல ஆச வெச்சிருக்கறா" என்று சமாதானம் சொல்வதும் கேட்டது.

லேப் எட்டு மணி வரை திறந்திருக்கும். அவள் பஸ் ஸ்டாப்பைப் பார்த்து வேகமாக நடந்தாள். பைக்குள் இரண்டு குழாய்களும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. ஒன்று இன்னும் காலி, அவள் தனக்கென்று எடுத்தது. அதன் மேல் பெயர் இல்லை.

நிறைந்திருந்த குழாயின் மேல் சாயங்காலம் நாலரைக்கே பெயர் எழுதியாகிவிட்டது. தண்ணீர் பட்டாலும் அழியாத மார்க்கரில், லேபில் எல்லாருக்கும் எழுதுகிற அதே கையெழுத்தில்:

கு. கலைச்செல்வன், 29, ஆண்.